மருந்து இலவசம், பரிசோதனை இலவசம், காசநோய்ச் சாவு மட்டும் ஏன் நிற்கவில்லை?

நெல்வயல் (கேள்வி)

2025க்குள் புதிய காசநோயாளிகளை 2015 அளவிலிருந்து 80 சதவீதம் குறைப்பதாக இந்தியா இலக்கு வைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2015இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்தது 2024இல் 187. அதாவது 21 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. சாவு லட்சத்துக்கு 28லிருந்து 21க்கு வந்திருக்கிறது. முன்னேற்றம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆறு மாதம் மாத்திரை போட்டால் தீரும் நோய்க்கு இது பெரிய எண்.

சுமார் 4,000 பேர் உள்ள ஒரு ஊராட்சியில் சிலர் சேர்ந்து நிக்‌ஷய் மித்ராவாக (காசநோயாளிகளுக்கு உணவும் உதவியும் தரும் அரசுத் திட்டத்தின் தன்னார்வலராக) பதிந்து உதவப் போகிறார்கள். அவர்களுக்காகக் கேட்கிறேன். ஆராய்ச்சிகளின்படி ஓட்டை எந்த இடத்தில்? நோயாளிக்கு உணவுக் கூடை கொடுப்பதால் உண்மையில் என்ன பலன், எவ்வளவு கொடுக்க வேண்டும்? கையில் இருப்பது சொற்பப் பணம் என்றால் எதில் போடுவது? விழிப்புணர்வுப் பேரணி, துண்டறிக்கை யோசனைகள் வேண்டாம், அதெல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

படிக்கட்டு (பதில்)

இதை ஒரு படிக்கட்டாகப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் சிலர் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2013ஆம் ஆண்டுத் தரவை வைத்து 2016இல் வந்த ஒரு ஆய்வு, அரசுத் திட்டத்தின் கீழ் வர வேண்டிய 27 லட்சம் நோயாளிகளைப் படிப்படியாக எண்ணியது. நூறு பேர் என்று வைத்துக்கொண்டால், பரிசோதனை இடம் வரை வந்தவர்கள் 72. நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 60. சிகிச்சைக்குப் பதிவானவர்கள் 53. முடித்தவர்கள் 45. முடித்தபின் ஓர் ஆண்டு நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 39. அதன்பிறகு கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு பரிசோதனை பரவிவிட்டது, வாரம் மூன்று நாள் மருந்து தினசரி மருந்தாகிவிட்டது, எனவே இன்றைக்கு இந்த எண்களை அப்படியே சொல்லக் கூடாது. ஆனால் பெரிய இழப்பு மருந்து தொடங்குவதற்கு முன்பே நடக்கிறது என்பது இன்றும் பொருந்தும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பும் அதையே காட்டியது. அறிகுறி உள்ளவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் எங்குமே போய்க் காட்டவில்லை. ஏன் என்று கேட்டபோது பணமில்லை என்றவர்கள் மிகக் குறைவு. "சாதாரண இருமல்தானே" என்று விட்டவர்கள்தான் அதிகம். இன்னொரு முடிவு அதைவிட முக்கியம். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 42.6 சதவீதம் பேர் அறிகுறிக் கேள்விகளில் சிக்கவே இல்லை, எக்ஸ்-ரே எடுத்ததால்தான் அகப்பட்டார்கள். "இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனால் ஏறக்குறைய பாதிப் பேரைத் தாண்டிப் போய்விடுவோம் என்று அர்த்தம். 2024 டிசம்பரில் 347 மாவட்டங்களில் தொடங்கிய 100 நாள் முகாமில் கையடக்க எக்ஸ்-ரே கருவிகள் இறங்கியது இதனால்தான். அந்தக் கருவி உங்கள் வட்டாரத்துக்கு வரும் தேதியை முன்கூட்டியே கேட்டு, யாரை அழைத்து வருவது என்ற பட்டியலைத் தயாராக வையுங்கள்: நோயாளி வீட்டில் இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், கடந்த ஐந்தாண்டில் காசநோய் வந்து குணமானவர்கள், புகை, குடிப் பழக்கம் உள்ளவர்கள், 60 வயது தாண்டியவர்கள், எலும்பும் தோலுமாக இருப்பவர்கள். கணினி வாசிக்கும் எக்ஸ்-ரேயில் பழைய தழும்பும் புதிய நோய் போலவே தெரியும். படத்தை மட்டும் வைத்து மருந்து தொடங்காமல் சளியையும் பார்க்க வேண்டும்.

தனியார் பக்கமும் ஒரு ஓட்டை. பயிற்சி கொடுத்த நடிப்பு நோயாளிகளை அனுப்பிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. டெல்லியில் 250 சந்திப்புகளில் 21 சதவீதத்தில்தான் சரியான வழி காட்டப்பட்டது. மும்பை, பாட்னாவில் 2,602 சந்திப்புகளில் 35 சதவீதம். மருந்துக் கடைகளில் வெறும் இருமலைச் சொன்னவர்களுக்கு 13 சதவீதம், "சளியில் கிருமி இருக்கு" என்ற சீட்டைக் காட்டியவர்களுக்கு 62 சதவீதம். கையில் சீட்டு இருந்தால் கடைக்காரர் சரியான இடத்துக்கு அனுப்புகிறார், இல்லையென்றால் ஒரு பட்டை ஆன்டிபயாட்டிக்தான். அந்தப் பட்டையில் லீவோஃப்ளாக்சசின் இருந்துவிட்டால் காசநோய்க் கிருமியும் கொஞ்சம் அடங்கும். இருமல் குறையும், பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம், ஒன்றிரண்டு மாதம் வீணாகும்.

அடுத்தது சளி. ஊராட்சி அளவில் பைசா செலவில்லாமல் அடைக்கக்கூடிய ஓட்டை இதுதான். குழாயில் எச்சில் போனால் எவ்வளவு நல்ல இயந்திரமும் "இல்லை" என்றுதான் சொல்லும். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து இருமித் துப்ப வேண்டும். 2 முதல் 5 மில்லி வேண்டும். நுரையும் தண்ணீருமாக இருந்தால் எச்சில், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கெட்டியாக, மஞ்சளாக, இழை இழையாக வந்தால் சளி. வெட்ட வெளியில் துப்பச் சொல்ல வேண்டும், அறைக்குள் கூடாது. ஒன்று வந்த இடத்தில், இன்னொன்று மறுநாள் விடிந்ததும் எழுந்தவுடன். பெயரை மூடியில் எழுதாதீர்கள், குழாயின் உடம்பில் எழுதுங்கள். ஆய்வகத்தில் நாலைந்து மூடிகள் ஒன்றாகக் கழன்றால் யாருடையது எது என்று தெரியாது. நுண்ணோக்கியில் கிருமி தெரிய மில்லிக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருக்க வேண்டும். மூலக்கூறு பரிசோதனைக்கு நூற்றுச் சொச்சம் போதும், அதன் புதிய வகைக்கு அதிலும் குறைவு. அதனால் இந்த மூலக்கூறு பரிசோதனைகளின் பெயரைச் சொல்லி, "சிபிநாட் அல்லது ட்ரூநாட் எடுத்தாச்சா?" என்று கேட்பதை வழக்கமாக்குங்கள்.

தராசு (பதில்)

படிக்கட்டு சொன்னது கண்டுபிடிக்கும் வரை. கண்டுபிடித்த பிறகு வரும் சாவுகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்துக்குள் நடக்கிறது, அதிலும் முதல் சில வாரங்களில். மருந்து வேலை செய்யாததால் வரும் சாவு இதில் குறைவு. உடம்பு ஏற்கெனவே தாங்காத நிலையில் வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதாது.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த இடத்தைத்தான் பிடித்தது. நோய் உறுதியான உடனேயே ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 14 அல்லது அதற்குக் கீழ், அல்லது 16க்குள் இருந்து கூடவே கால் வீக்கம்; நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு; ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ்; பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்த்து முழுமையாகப் பார்க்க வேண்டும். இந்தத் தரவிலிருந்து சாவின் வாய்ப்பைக் கணிக்கும் முறையும் இப்போது சேர்ந்திருக்கிறது. தீவிர நிலையில் உள்ளவர்களுக்கு 10 முதல் 50 சதவீதம் வரை போகிறது, மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம். ஒரே நோய், ஒரே மாத்திரை, வித்தியாசத்தைப் பாருங்கள்.

இதற்கு ஸ்கேனும் ஐ.சி.யூ.வும் வேண்டாம். தராசு, உயரமானி, ஆக்சிமீட்டர், கடிகாரம். ஆனால் நான்கிலும் தப்பு நடக்கும். 160 செ.மீ. உயரம், 35.5 கிலோ என்றால் பி.எம்.ஐ. 13.87, சேர்க்க வேண்டியவர். செருப்பு, சட்டைப் பையில் போன், இடுப்பில் சாவிக்கொத்து என்று அரை கிலோ சேர்ந்து 36 என்று பதிவானால் 14.06, வீட்டுக்குப் போகலாம். கூன் விழுந்து நின்றவரை நிமிரச் சொல்லாமல் உயரம் 157 என்று எழுதினாலும் அதே கதை, 14.40 வந்துவிடும். தராசை மண் தரையில், மடிந்த பாயின் மேல் வைக்காதீர்கள். மூச்சை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காமல் முழு நிமிடமும் எண்ணுங்கள், அதுவும் எண்ணுவது அவருக்குத் தெரியாமல். நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள். ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சின் மேலும் பொய் சொல்லும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் அசையாமல் நின்றபின் எழுதுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, உதவி செய்யப் போகிறவர்களுக்கு. பி.எம்.ஐ. 14க்குக் கீழ் இருப்பவருக்கு அன்பு மிகுதியில் முதல் நாளே கறிச்சோறும் பாயசமும் ஊட்டிவிடக் கூடாது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயம் தடுமாறும். ஆஸ்பத்திரியில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, குறைந்த அளவில் தொடங்கி, நாளாக நாளாகக் கூட்டுவார்கள். கூடைக்கு முன் ஆம்புலன்ஸ், அவ்வளவுதான்.

ஊருக்குழைத்தான்

உணவு பற்றி ஒன்று. ஜார்க்கண்டில் கூடை கொடுத்து சாவை 61 சதவீதம் குறைத்ததாக லான்செட்டில் வந்ததே. அப்படியானால் மற்றதெல்லாம் எதற்கு, முழுப் பணத்தையும் நோயாளியின் கூடைக்கே போட்டுவிடலாமே?

எண்சுவடி

ஊருக்குழைத்தான் சார், அந்த 61ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ரேஷன்ஸ் என்ற அந்த ஆய்வு ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர். முடிவு 2023 ஆகஸ்டில் வந்தது. நோயாளிகள் *எல்லோருக்கும்* கூடை கொடுத்தார்கள். பட்டினியில் இருக்கும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு உணவு தராமல் வேடிக்கை பார்ப்பது நியாயமில்லை என்பதால். குலுக்கல் முறையில் பிரித்தது வீட்டில் இருந்தவர்களை மட்டும். எனவே 61 என்பது "கூடை சாவைக் குறைத்த அளவு" ஆகாது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் சாவு அந்த அளவு குறைவாக இருந்தது, அவ்வளவே. எடை ஏறியவர்கள் முதலிலேயே நோய் குறைந்தவர்களாகவும் இருந்திருக்கலாம். வலுவான தொடர்பு, ஆனால் நிரூபணம் இல்லை.

நிரூபணம் இருப்பது வீட்டாருக்குக் கொடுத்ததில். உணவு கொடுத்த பக்கம் 5,621 பேரில் 96 பேருக்குக் காசநோய் வந்தது. கொடுக்காத பக்கம் 4,724 பேரில் 122 பேருக்கு. சரிசெய்த கணக்கில் 39 சதவீதம் குறைவு, சளியில் உறுதியான நுரையீரல் நோயை மட்டும் எடுத்தால் 48. சுமார் 30 வீடுகளுக்கு உணவு போனால் ஒரு புதிய நோயாளி குறைகிறார். வெறும் அரிசிக்கும் பருப்புக்கும் இந்த அளவு பலன் வந்தது பெரிய செய்தி. ஆனால் அந்த நோயாளிகளில் ஐந்தில் நால்வர் எடை குறைந்தவர்கள். நன்றாகச் சாப்பிடும் குடும்பத்தில் இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

அளவு: நோயாளிக்கு மாதம் அரிசி 5 கிலோ, பருப்பு 3 கிலோ, பால் பவுடர் ஒன்றரை கிலோ, எண்ணெய் அரை கிலோ. நாளுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அரிசி 5 கிலோ, பருப்பு ஒன்றரை கிலோ. நாளுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம். கூடவே சத்து மாத்திரை. நோயாளியும் வேறு மூன்று பேரும் உள்ள வீட்டுக்கு மாதம் அரிசி 20 கிலோ, பருப்பு ஏழரை கிலோ என்று வரும்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: "ரேஷனில் அரிசி வருகிறதே" என்று கழித்துவிடுவது. ரேஷன் அரிசி ஏற்கெனவே தட்டில் விழுந்துகொண்டிருக்கிறது, அதோடுதான் அவர் இளைத்தார். கூடை அதற்கு மேல் போக வேண்டும். ஆனாலும் கைப்பணம் பற்றாது என்றால் நான் அரிசியைக் குறைப்பேன், பருப்பைத் தொடமாட்டேன். நம் ஊரில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்புதான் மலிவு விலையில் கிடைக்கிறது, பள்ளம் அங்கேதான். பால் பவுடர் தோதுப்படாவிட்டால் நாளுக்கு மூன்று முட்டை. கொழுப்பு நீக்கிய 50 கிராம் பவுடரிலும் மூன்று முட்டையிலும் புரதம் ஏறக்குறைய 18 கிராம்.

கூடையை நோயாளிக்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயும் தனியாக முட்டை சாப்பிடமாட்டாள். வீட்டுக்கே கொடுப்பதுதான் நோயாளிக்குக் கொடுப்பதற்கும் வழி.

நெல்வயல்

தெளிவாக இருக்கிறது, நன்றி. இரண்டு சந்தேகம். அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறதே, அது எங்கே சிக்குகிறது? இன்னொன்று, காசநோய் இல்லா ஊராட்சி விருதுக்கு "ஆயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கு மேல் இருக்கக் கூடாது" என்று நிபந்தனை இருக்கிறதாம். அப்படியானால் தேடிக் கண்டுபிடித்தால் விருது போய்விடுமா?

படிக்கட்டு

பணம்: 2018 ஏப்ரலில் மாதம் 500 என்று தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. முதல் 3,000 நோய் பதிவானதும், அடுத்த 3,000 சிகிச்சையில் 84 நாள் முடிந்ததும். தாளில் நல்ல ஏற்பாடு. சாவு அதிகமுள்ள முதல் இரண்டு மாதத்துக்குள் முதல் தவணை கையில் கிடைக்க வேண்டும், சிக்கல் அங்கேதான். ஆதாரில் இன்ஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிவிடும். வருடக்கணக்கில் தொடாத ஜீரோ பேலன்ஸ் கணக்கு முடங்கியிருக்கும். ஆதாரோடு இணைந்த கணக்கு வேறு, நோயாளி கொடுத்த கணக்கு வேறு என்றும் இருக்கும், பணம் அவருக்கே தெரியாத இடத்தில் கிடக்கும். செங்கல் சூளை, கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவருக்குக் கணக்கே இருக்காது. மருந்து தொடங்கிய வாரத்திலேயே ஒருவர் கூடப் போய் வங்கியில் இதைச் சரிசெய்வது ஒரு மாதக் கூடைக்குச் சமம்.

விருது: ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 30 பேரையாவது பரிசோதித்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை இருக்கிறது, அதோடு சேர்த்துப் படியுங்கள். உங்கள் 4,000 பேருக்கு 120 பரிசோதனை, நோயாளிகள் நாலுக்குள். நாட்டின் சராசரிப்படி பார்த்தால் ஆண்டுக்கு ஏழெட்டுப் பேர் வர வேண்டும். சின்ன ஊரில் ஒரு வருடம் இரண்டு, மறு வருடம் பத்து என்று ஆடும், அது இயல்பு. ஆனால் 120 பேரும் எச்சில் கொடுத்தவர்களாக இருந்தால் விருது வரும், நோயும் இருக்கும். என் கருத்தில் முதல் வருடம் எண்ணிக்கை ஏறுவதுதான் வேலை நடப்பதற்கு அடையாளம். விருதை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தராசு

வீட்டில் உள்ளவர்களுக்கு இன்னொன்று விட்டுப்போனது, தடுப்பு மருந்து. ஐசோனியசிட், ரிஃபாபென்டின் இரண்டும் வாரம் ஒருமுறை, 12 வாரம். அதற்கு முன் அவர்களுக்கு நோய் இல்லை என்று எக்ஸ்-ரேயோடு உறுதி செய்ய வேண்டும், உள்ளே நோய் இருந்து தடுப்பு மருந்து மட்டும் போனால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து இரண்டாவது வாரமே நிறுத்துவார்கள். கருத்தடை மாத்திரை போடும் பெண்களுக்கு அதன் பலன் குறையும், வேறு முறை வேண்டும். தினமும் குடிப்பவர்களுக்கு ஈரலைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

நோயாளியின் எடையை மாதாமாதம் ஒரே தராசில் பாருங்கள். 42 கிலோவில் தொடங்கியவர் இரண்டாம் மாத முடிவில் 44ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் கூடையைப் பெரிதாக்காமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்: மாத்திரை குமட்டலில் வாந்தியாகிறதா, சர்க்கரை இருக்கிறதா, குடி நிற்கவில்லையா, கிருமி மருந்துக்கு அடங்காததா. மருந்து முடிந்தபின்னும் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

கூடை கொடுக்கும்போது பேனர், மாலை, போட்டோ வேண்டாம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்றுதான் பலர் "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் போகிற வழியில் சாதாரணப் பையில் கொடுத்துவிட்டு வரட்டும்.

நெல்வயல்

சரி. போட்டோ விஷயத்தை எங்கள் ஆட்களிடம் இன்றே சொல்லிவிடுகிறேன், ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள்.